‘மடிலோக்’ – ஓர் ஆசிரியரின் நூல்

தான் மலாக்காவை விடுதலை வீரராக அறிந்தோர் பலர்; ஆசிரியராக அறிந்தோர் சிலரே. ஆயினும், அவருடைய நூல்களுள் தலையாயதாகிய ‘மடிலோக்’கைப் படிப்போர்க்கு, அதனை எழுதிய கை சுண்ணக்கட்டி பிடித்துப் பழகிய கை என்பது இனிது விளங்கும்.

மேற்குச் சுமத்திராவிற் பிறந்த அவர், புக்கித்திங்கியிலும் பின்னர் ஒல்லாந்து நாட்டின் ஹார்லம் நகரிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1919இல் தாயகம் திரும்பி, டெலிப் பகுதித் தோட்டமொன்றில் கூலிகளின் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தார். தோட்டத்திற் கண்ட கொடுமைகள் அவரை அரசியலுக்கு ஈர்த்தன. 1921இல் செமாராங்கில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். மறு ஆண்டே டச்சு அரசு அவரை நாடு கடத்தியது.

குடியரசு வேண்டுமென்று 1925இல் அவர் எழுதிய நூல் டச்சு மொழியில் அமைந்தது; ஆதலின் அது கற்றோர்க்கே எட்டியது. இருபதாண்டு அலைந்து 1942இல் திரும்பியவர், ஜாக்கர்த்தாவில் மறைந்திருந்து எழுதிய ‘மடிலோக்’கையோ மக்கள் மொழியிலேயே ஆக்கினார். பொருள்முதற் கொள்கை, இயங்கியல், தருக்கம் என்னும் மூன்றன் சுருக்கமே அப்பெயர். நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாக, 720 மணி நேரத்தில் எழுதியதாக அவரே கணக்குக் காட்டுகிறார்.

கைவசம் இருந்த நூல்களை இழந்தவர்க்கு நினைவே நூலகமாயிற்று. படித்தவற்றின் முதலெழுத்துகளைக் கோத்துச் சொற்களாக்கி மனத்தில் இருத்தும் முறையை அவர் ‘கழுதைப் பாலம்’ என்கிறார். வகுப்பறையில் பிறந்த உத்தி இது. அருங்கருத்தை எளிய எடுத்துக்காட்டால் விளக்குவதும், ஐயத்தை எழுப்பி விடை காண்பதும் அவ்வாறே. நூலின் வலிமை இங்கேதான் உள்ளது.

குறையும் இல்லாமலில்லை. ‘மறைபொருள் தருக்கம்’ என்று ஒரு பெயர் சூட்டி, பேய்க்கு அஞ்சும் பேதைமையையும், தலைமுறை தலைமுறையாக வாதிட்டு வளர்ந்த கீழைத் தத்துவங்களையும் பலவிடங்களில் ஒரே தட்டில் நிறுத்துகிறார். மூடநம்பிக்கையைக் கடிந்தது சாலும். வேறுபாடு காட்டாமை நல்லாசிரியர்க்கு அழகன்று.

1949இல் தம் நாட்டுப் படையினராலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1963இல் அரசு அவரைத் தேசிய வீரர் என அறிவித்தது. பட்டத்தினும் பெரிய மரியாதை ஒன்றுண்டு. எதனையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டுமென்று கற்பித்தவரின் நூலையும் அவ்வாறே ஆராய்ந்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுதலே அது.