சாகத் தெரியாத நாயகர்கள்

2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் மேடையில் பச்சை அங்கியும் இரும்பு முகமூடியுமாக ஒருவர் வந்து நின்றார். முகமூடியைக் கழற்றினால் ராபர்ட் டௌனி ஜூனியர். ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ படத்தில் டாக்டர் டூம் என்னும் வில்லனாக அவர் வருகிறார் என்று மார்வெல் அறிவித்ததும் அரங்கம் அதிர்ந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பு ‘எண்ட்கேம்’ படத்தில் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்காகச் செத்து, ஊருலகத்தை அழவைத்த அதே முகம். இது வேறு பாத்திரம்தானே, காமிக்ஸில் காலங்காலமாக நடப்பதுதானே, இவை நம் காலத்துப் புராணங்கள், புராணத்தில் செத்தவர் எழுவது புதிதா என்று அன்றிலிருந்து ரசிகர்கள் வக்காலத்து வாங்குகிறார்கள். மூன்று வாதமும் நிற்காது என்பது என் கட்சி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2008-இல் ‘அயர்ன் மேன்’ ஒரு துணிச்சலான சூதாட்டம். நடிகர்களைத் தேர்ந்தெடுப்பதில் மார்வெலுக்கு இருந்த கண் அபாரமானது. ஒரு படத்தில் விதைத்ததை நாலு படம் தள்ளி அறுக்கும் பொறுமையை ஹாலிவுட் இந்த அளவில் அதற்குமுன் காட்டியதில்லை. ‘விண்டர் சோல்ஜர்’ நல்ல அரசியல் த்ரில்லர். ‘பிளாக் பாந்தர்’ தன் வில்லனுக்கு நியாயமான கோபத்தைக் கொடுத்தது. 2019-இல் மார்ட்டின் ஸ்கார்செஸி இந்தப் படங்களைத் தீம் பார்க்கோடு ஒப்பிட்டபோது மூண்ட சண்டையிலும் எனக்குப் பங்கில்லை. வேடிக்கை காட்டுவது சினிமாவின் பிறவிக்குணம். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை.

என் குற்றச்சாட்டு வேறு. இந்தப் படங்களில் எதுவும் முடிவதில்லை. கல்யாணப் பந்தியில் நாம் ரசத்துக்கு வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல, ஒவ்வொரு படத்தின் முதுகிலும் அடுத்த படம் நிற்கிறது. அவசரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதுவும் முடியாத உலகத்தில் தியாகத்துக்குப் பொருளே இல்லை என்பதுதான் பொறுக்க முடியாதது. தியாகத்தை எடுத்துவிட்டால் சூப்பர்ஹீரோ கதையில் என்ன மிஞ்சும்?

‘இன்ஃபினிட்டி வார்’ (2018) முடிவில் வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்குகிறான். பிரபஞ்சத்தில் பாதி உயிர்கள் தூசியாகின்றன. ஸ்பைடர்மேன் டோனியைக் கட்டிக்கொண்டு, போக மாட்டேன் என்று கெஞ்சுகிறான். டாம் ஹாலண்டின் நடிப்பில் குறையில்லை. ஆனால் அவனுடைய அடுத்த படம் 2019 ஜூலையில் வரும் என்பது முன்பே அறிவித்தாகிவிட்டது. பிளாக் பாந்தரும் தூசியாகிறான். இரண்டே மாதம் முன்பு வெளியான அவன் படமோ நூறு கோடி டாலரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் திரும்பி வருவார்கள் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை. வந்தார்கள். ஐந்து வருடம் பாதி உலகம் இல்லாமல் போன பேரழிவு, அடுத்த ஸ்பைடர்மேன் படத்தின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்து வீடியோ நகைச்சுவையாகிவிட்டது: கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே மாணவர்கள் திடீரென்று மைதானத்தில் முளைக்கிறார்கள், நாம் சிரிக்கிறோம். ‘வாண்டாவிஷன்’ தொடரில் ஒரு மருத்துவமனைக் காட்சி மட்டும் அந்தத் திரும்புதலின் பீதியைத் தொட்டது. தொட்டுவிட்டு நகர்ந்தும்விட்டது.

லோகியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அண்ணன் மடியில் செத்தான். படம் முடிவதற்குள் சிம்மாசனத்தில் இருந்தான். 2018-இல் தானோஸ் அவன் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, இந்த முறை உயிர்த்தெழுதல் கிடையாது என்று அறிவிக்கிறான். பார்வையாளனின் சந்தேகம் கதைக்கே தெரிந்திருக்கிறது! 2021-இல் லோகி பெயரிலேயே தொடர் வந்தது. வேறொரு காலக்கிளையிலிருந்து இன்னொரு லோகி. அதன் முதல் பகுதியில் ஒரு காட்சி உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் எந்த முடிவிலிக் கற்களைச் சுற்றி நடந்தனவோ, எவற்றுக்காக நடாஷாவும் டோனியும் உயிரை விட்டார்களோ, அவை ஓர் அலுவலக மேசை இழுப்பறையில் குவிந்து கிடக்கின்றன. ஊழியர்கள் காகிதம் பறக்காமல் வைக்க அவற்றைப் பயன்படுத்துகிறார்களாம். எழுத்தாளர்கள் இதை வேடிக்கை என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். தங்கள் கதைக்குத் தாங்களே போட்ட மதிப்பெண் அது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

காமிக்ஸில் நடப்பதுதானே என்பவர்களுக்கு வருகிறேன். உண்மைதான். 1992-இல் சூப்பர்மேன் செத்த இதழ் பல லட்சம் பிரதிகள் விற்றது; மறுவருடம் அவன் திரும்பினான். 1980-இல் செத்த ஜீன் கிரே 1986-இல் எழுந்தாள். சூப்பர்மேனை ஏன் கதையால் செலவழித்துத் தீர்க்க முடியாது என்று 1962-இலேயே உம்பெர்த்தோ எக்கோ ஒரு கட்டுரை எழுதினார். நாயகன் உண்மையாகச் செயல்பட்டால் அவனுக்கு வயதாகும், வயதானால் சாவை நோக்கி நகர்வான். விற்பனைக்கு அது ஆகாது. அதனால் அந்தக் கதைகளில் காலமே கலங்கிக் கிடக்கிறது என்றார். ஆனால் எக்கோ பேசியது கோட்டுச் சித்திரத்தைப் பற்றி. வரைந்த முகத்துக்கு நரை இல்லை. கேமரா அப்படியல்ல. 2008-இல் நாற்பத்துமூன்று வயதில் குகைக்குள் இரும்பு அடித்த டௌனியின் முகத்தில் அடுத்த பதினோரு வருடமும் நம் கண்முன் ஏறியது. காமிக்ஸால் ஒருபோதும் தர முடியாத இந்த ஒரு செல்வம் சினிமாவுக்கு இலவசமாகக் கிடைத்தது. அதைத்தான் இவர்கள் விரயம் செய்கிறார்கள்.

அந்தச் செல்வத்தின் அருமை தெரிந்து எடுத்த படம் ஜேம்ஸ் மேன்கோல்டின் ‘லோகன்’ (2017). வுல்வரின், ஹியூ ஜாக்மேன் 2000 முதல் ஏற்ற வேடம். பதினேழு வருட மூப்பு அவர் முகச்சுருக்கத்திலும் தள்ளாட்டத்திலும் இருந்தது. கடைசியில் அவன் கல்லறைச் சிலுவையைச் சிறுமி சாய்த்து எக்ஸ் ஆக்குகிறாள், கதை முடிந்தது. அது ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் படம். 2019-இல் டிஸ்னி அந்த ஸ்டுடியோவை வாங்கியபோது கல்லறையும் சேர்ந்து வந்தது. 2024-இல் ‘டெட்பூல் & வுல்வரின்’ அந்தக் கல்லறையைத் தோண்டுவதோடுதான் தொடங்குகிறது. டெட்பூல் எலும்புகளை உருவி, ஆட்டம் போட்டபடியே அவற்றால் காவலர்களைக் குத்திச் சாய்க்கிறான். சுயகிண்டல் என்கிறார்கள். தான் செய்யும் தப்பைத் தானே கேலி செய்துகொண்டே தொடர்ந்து செய்பவனுக்குச் சுயவிமர்சகன் என்று பட்டம் தர நான் தயாரில்லை. படம் 130 கோடி டாலருக்குமேல் வசூலித்தது. ஆகவே பாடம் கற்றுக்கொண்டாயிற்று.

மரணத்துக்குக் கனம் இருந்த ஒரு மார்வெல் படத்தைச் சொல்லச் சொன்னால் ‘வகாண்டா ஃபாரெவர்’ (2022) என்பேன். பிளாக் பாந்தராக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020-இல் இறந்துபோனார். அவருடைய வேடத்துக்கு வேறு நடிகரைப் போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். திரைக்கதை பல இடங்களில் தடுமாறினாலும், ஏஞ்சலா பாசெட்டின் முகத்தில் இருந்த துக்கத்தை எவராலும் மறுக்க முடியாது. நிஜமான சாவு வந்து கையைக் கட்டிப்போட்டால்தான் இவர்களால் ஒரு சாவை மதிக்க முடிகிறது.

புராண வாதத்தைப் பார்ப்போம். அபிமன்யு வியூகத்துக்குள் போனால் வெளியே வரமாட்டான் என்று தெரிந்தேதான் நம் ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள். மாமன் கடவுளாக இருந்தும் அவனை எழுப்பித் தரவில்லை. இன்னோர் உலகத்து அபிமன்யுவை யாரும் கேட்பதுமில்லை. சத்தியவான் எழுந்தான் என்றால், எமன் பின்னாலேயே நடந்து சாவித்திரி வாதாடி மீட்ட உயிர் அது. புராணம் சாவை மாற்றி எழுதும்போதுகூட யாரோ ஒருவர் அதற்குப் பாடுபட்டிருக்கிறார். மார்வெலின் பல்பிரபஞ்சத்தில் அந்தப் பாடு கிடையாது. பக்கத்து உலகத்திலிருந்து நகல் வரும், அவ்வளவுதான்.

வேறு பாத்திரம்தானே என்பது கடைசி வாதம். அப்படியானால் அந்த முகம் எதற்கு? டூமாக நடிக்க உலகத்தில் வேறு நடிகரே இல்லையா? 2023-இல் ‘தி மார்வெல்ஸ்’ 20 கோடி டாலரைச் சற்றே தாண்டிப் படுத்தது. காங் என்னும் வில்லனை மையமாக வைத்துப் போட்ட திட்டமும், அந்த வேடத்தில் நடித்தவர் வழக்கில் தண்டிக்கப்பட்டதும் கைவிடப்பட்டது. கஜானா இளைத்தபோது, நாம் ஏற்கெனவே அழுது தீர்த்த முகத்தை எடுத்து மறுபடி விற்பனைக்கு வைக்கிறார்கள். கலைக் காரணம் என்று இதற்கு எதைச் சொன்னாலும் நம்புவதற்கில்லை.

‘டூம்ஸ்டே’ ஓடும், டௌனி நன்றாகவே நடிப்பார். ஆனால் இனி எந்த நாயகன் உலகத்துக்காக உயிரை விட்டாலும், ரசிகன் அழுவதற்குமுன் அந்த நடிகருக்கு இன்னும் எத்தனை படத்துக்கு ஒப்பந்தம் பாக்கி இருக்கிறது என்று தேடிப் பார்ப்பான். அந்தப் புத்தியை அவனுக்குப் புகட்டியது மார்வெல்தான்.