செயப்பாட்டு வினைமீது சுமத்தப்பட்ட பழி

ஆங்கிலத்தில் எழுதப் பழகுவோருக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை, செயப்பாட்டு வினையைத் தவிர்க்க வேண்டும் என்பது. வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் வெளியிட்ட கையேடு செய்வினையை வற்புறுத்தியது. 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல் அதைத் தம் எழுத்து விதிகளுள் ஒன்றாக்கினார். செயப்பாட்டு வினை சில இடங்களில் தேவை என்று ஸ்ட்ரங்க் ஒப்புக்கொண்டதைப் பின்வந்தவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். விதியின் நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் அது பிடித்துக் கொடுப்பது தவறான ஆளை.

செய்தவரை மறைக்கச் செயப்பாட்டு வினை உதவும் என்ற கவலைக்கு நியாயம் உண்டு. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபின், 1987 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசிய அமெரிக்க அதிபர் ரீகன், தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தவர் யார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆங்கில இலக்கணமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அவர் ‘தவறுகள் நேர்ந்துவிட்டன’ என்று சொல்லியிருந்தால்? அதில் செயப்பாட்டு வினை இல்லை, விதிப்படி குற்றமும் இல்லை; தப்பிப்பதோ இன்னும் எளிது. ‘செய்யப்பட்டன’ என்றால் செய்தவர் ஒருவர் உண்டு என்பதாவது மிஞ்சும், யாரால் என்று கேட்கலாம். காப்பீட்டுப் பணத்துக்காகக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது என்றால் பொருள் விளங்குகிறது. காப்பீட்டுப் பணத்துக்காகக் கப்பல் மூழ்கியது என்றால் சிரிப்புதான் வரும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். துப்பாக்கி வெடித்தது, கலவரம் மூண்டது, நிதி காணாமல் போனது என்று ஆளை மறைக்கும் வாக்கியங்களெல்லாம் இந்த விதியின் கண்ணில் படாமல் நழுவிவிடுகின்றன. விதியைப் போதிப்பவர்களுக்கே குறி தப்புகிறது: ஈ. பி. ஒயிட் விரித்தெழுதிய ஸ்ட்ரங்க் கையேடு திருத்திக் காட்டும் நான்கு வாக்கியங்களில் மூன்று செயப்பாட்டு வினையே அல்ல என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009-இல் எடுத்துக்காட்டினார்.

செயப்பாட்டு வினையின் உண்மையான வேலை, பேச்சு யாரைப் பற்றியதோ அவரை வாக்கியத்தின் தலையில் நிறுத்துவது. 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுடப்பட்டார் என்ற செய்தியைச் செய்வினையில் எழுதினால், அப்போது அடையாளம் தெரியாத யாரோ ஒருவர் எழுவாயாகிவிடுவார். உலகம் பதறியது கென்னடிக்காக. கரைசல் சூடாக்கப்பட்டது என்னும் ஆய்வறிக்கையில் சூடாக்கிய கை யாருடையது என்பது யாருக்கும் வேண்டாத தகவல். அறிவியல் என்றாலே செயப்பாட்டு வினைதான் என்பதும் மூடநம்பிக்கையே: டி.என்.ஏ. வடிவத்தை அறிவித்த வாட்சன்–கிரிக் கட்டுரை, 1953-இல், ‘நாங்கள்’ என்றுதான் தொடங்கியது. முன்வைப்பவர் யார் என்பதற்கு அங்கே எடை இருந்தது.

தொடக்க நிலையினருக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு, எளிய விதி ஒன்று போதாதா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். ‘வாசகருக்குத் தேவையென்றால் செய்தவரைச் சொல்’ என்பதும் எளிய விதிதான். அது நழுவும் செய்வினைகளையும் சேர்த்தே பிடிக்கும். செயப்பாட்டு வாக்கியம் நீளமானது, படிக்கக் கடினம் என்ற வாதம் தனி வாக்கியத்துக்குப் பொருந்தலாம். பத்தி முழுதும் கென்னடியைப் பற்றியிருக்க, நடுவில் எழுவாயை மாற்றுவதே வாசிப்பை இடறவைக்கும். நம் பள்ளிகளின் ஆங்கிலப் பயிற்சி இதை அடியோடு விட்டுவிடுகிறது. தனியே நிற்கும் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துச் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொல்கிறார்கள். மாணவர் பிழையில்லாமல் மாற்றி முழு மதிப்பெண் வாங்குகிறார். இரண்டில் எது எந்தப் பத்திக்குப் பொருந்தும் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.