ஆண்ட்ரோமீடாவின் ஆக்ஸிஜன் கணக்கு

ஆண்ட்ரோமீடா கேலக்ஸி சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சூரியனை ஒத்த விண்மீன் ஒன்று அங்கே இருந்தால் அதன் நிறமாலையைப் பிரித்துப் பார்ப்பது இன்றைய கருவிகளுக்கு எட்டாத காரியம். அதே விண்மீன் முதுமையில் மேலுறையை உதறிக் கோள் நெபுலா ஆகிவிட்டால் கதை வேறு. 5007 ஆங்ஸ்ட்ராம் ஆக்ஸிஜன் கோட்டில் அது பளிச்சென்று தெரியும். விண்மீன் பிறந்த காலத்து வாயுவின் கலவை அந்த நெபுலாவில் அப்படியே இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கோள் நெபுலாக்களைக் கொண்டு கேலக்ஸிகளின் பழைய வரலாற்றைத் தேடும் துறை நிற்கிறது.

முதல் சிக்கல் அளவீட்டில். வாயுவின் வெப்பநிலையைச் சொல்வது ஆக்ஸிஜனின் 4363 கோடு. 5007-இன் நூறில் ஒரு பங்கு தேறினால் அதிகம். 10,000 கெல்வினை 11,000 என்று கணித்துவிட்டால் ஆக்ஸிஜன் அளவில் கால் பங்கு காணாமல் போகும். போதாக்குறைக்கு, ஆண்ட்ரோமீடா நொடிக்கு 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. அதனால் இந்தக் கோடு நான்கு ஆங்ஸ்ட்ராம் நகர்ந்து, பாதரசத் தெருவிளக்குகளின் 4358 கோட்டின் மேலேயே வந்து விழுகிறது! அந்தக் கேலக்ஸியின் சுழற்சி சில நெபுலாக்களை இந்த மோதலிலிருந்து விலக்கிவிடுகிறது, எல்லாவற்றையும் அல்ல.

இதைவிட நுட்பமானது தேர்வுப் பிழை. கன தனிமங்கள் (வானியலில் இவற்றை உலோகங்கள் என்பார்கள்) மிகுந்த நெபுலா சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதன் 4363 மங்கும், பட்டியலிலிருந்து நழுவும். இதை மனத்தில் கொண்டு, வானியலாளர்கள் குவிட்டர், பேலிக் உள்ளிட்டோர் 2012இல் வெளியிட்ட முடிவைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ரோமீடா வெளித்தட்டின் 16 நெபுலாக்களில், மையத்திலிருந்து விலகியும் ஆக்ஸிஜன் பெரிதாகக் குறையவில்லை என்றார்கள். இதில் நான் பாதியை ஏற்கிறேன். தேர்வுப் பிழை ஆக்ஸிஜன் செறிந்தவற்றைத்தான் மறைக்கும். அதையும் மீறி விளிம்பில் செறிவு தெரிகிறதென்றால் அது மெய். சரிவின் அளவை அப்படி நம்ப முடியாது. உட்பகுதியின் செறிந்த நெபுலாக்கள் விடுபட்டால், சரிவு தானாகவே தட்டையாகும்.

மூலக் கலவை மாறாது என்ற நம்பிக்கையோ குள்ளக் கேலக்ஸிகளில் உடைகிறது. என்.ஜி.சி. 3109இல் கோள் நெபுலாக்களின் ஆக்ஸிஜன், இன்றைய விண்மீன் பிறப்பு முகில்களில் உள்ளதைப் போல இரு மடங்குக்கும் மேல் என்று 2007இல் பேன்யா குழு கண்டது. பழைய வாயுவில் ஆக்ஸிஜன் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? உலோகம் குறைந்த விண்மீன் தன் உள்ளே சமைத்த ஆக்ஸிஜனையும் மேலே இழுத்துக் கொட்டியிருக்கிறது. இங்கே ஆக்ஸிஜனைச் சாட்சியாக ஏற்க முடியாது.

இத்தகைய விண்மீன்கள் ஆர்கானை உருவாக்குவதில்லை, அதனால் மூல வாயுவுக்கு அது நம்பகமான சாட்சி. 2022இல் சௌரதீப் பட்டாச்சார்யா குழு ஆண்ட்ரோமீடாவின் இருநூறு நெபுலாக்களில் ஆக்ஸிஜனோடு ஆர்கானையும் அளந்து, தூசி மிகுந்த இளையவற்றையும் மூத்தவற்றையும் தனித்தனியே வைத்துப் பார்த்தது. ஆர்கான் கோடுகள் மங்கலானவை, கோடு தெரியாத அயனிகளை ஈடுகட்டும் திருத்தமும் கூடுதலாக வேண்டும். ஆனாலும், உலோகம் குறைந்த கேலக்ஸி எதிலும் ஆர்கான் துணையில்லாமல் தரப்படும் ஆக்ஸிஜன் எண்ணை அந்தக் கேலக்ஸியின் பழைய வரலாறாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.