மாநிலந்தோறும் மகளிர் வாக்குரிமை: ஒரு திறனாய்வு

அமெரிக்க மகளிர் வரலாற்றை ஆராய்வார்க்கு முதன்மைச் சான்றாக விளங்குவது, 1881 முதல் 1922 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ‘மகளிர் வாக்குரிமை வரலாறு’ என்னும் பெருநூலாகும். எலிசபெத் காடி ஸ்டான்டன், சூசன் அந்தோனி, மெட்டில்டா கேஜ் ஆகிய மூவரும் தொடங்கிய பணியை ஐடா ஹார்ப்பர் நிறைவு செய்தார். மாநிலங்களுக்குத் தனித்தனி இயல் வகுத்தமை இந்நூலின் சிறப்பு. எனினும் உரிமை ஒரே நெறியில் வளர்ந்து, 1920இல் அரசியலமைப்புத் திருத்தத்தோடு நிறைவுற்றது என்னும் எண்ணத்தையே நூலின் போக்கு தோற்றுவிக்கின்றது. இவ்வெண்ணத்தை மாநில வரலாறுகளே மறுக்கின்றன.

நியூ ஜெர்சியின் 1776ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஐம்பது பவுன் சொத்துடைய ‘குடியிருப்போர்’க்கு வாக்குரிமை அளித்தது. பால் உணர்த்தாத அப்பொதுச்சொல்லுக்கு 1790ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டம் ‘அவன் அல்லது அவள்’ எனப் பொருள் வரையறுத்தது. மணமான மகளிரின் சொத்து கணவனைச் சார்ந்தமையால், மணமாகாதாரும் கைம்பெண்டிருமே பெரும்பாலும் வாக்களித்தனர். 1807இல் வெள்ளை ஆடவர்க்கே வாக்கு என்னும் சட்டம் எழுந்து, அவ்வுரிமையும் பறிபோயிற்று.

யூட்டாவின் நிலையும் இதனை ஒத்தது. மாநிலத் தகுதி பெறுமுன்னரே, 1870இல், அங்கு மகளிர் வாக்குரிமை எய்தினர். பலதார மணத்தை ஒடுக்க 1887இல் காங்கிரசு இயற்றிய சட்டம் அதனை நீக்கிற்று. 1896இல் மாநிலமானபோதே அது மீண்டது. வயோமிங்கிலோ 1869இல் பெற்ற உரிமை இடையறாது நிலைத்தது. ஒரே உரிமை ஓரிடத்தில் நிலைத்தும் ஓரிடத்தில் அழிந்தும் ஓரிடத்தில் மீண்டும் தோன்றியமை ஈண்டு நோக்கற்பாலது.

நூலாசிரியர்கள் போராட்டத்தில் ஈடுபட்டோர் ஆதலின் அரிய ஆவணங்கள் அழியாது காக்கப்பட்டன. அக்காரணத்தானே நடுநிலை குன்றுதலும் நேர்ந்தது. லூசி ஸ்டோன் சார்ந்த மாற்றணியின் வரலாற்றை இரண்டாம் தொகுதிக்கு எழுதியவர் ஸ்டான்டனின் மகளே ஆவார். இதனினும் பெருங்குறை, கறுப்பின மகளிர்க்கு உரிய இடம் அளியாமை. இல்லினாய் மாநிலத்துச் சிகாகோவில் 1913இல் ஐடா வெல்ஸ் கறுப்பின மகளிர்க்கென வாக்குரிமைக் கழகம் நிறுவினார். அதே ஆண்டு வாசிங்டன் ஊர்வலத்தில், இல்லினாய் அணியை விட்டுப் பின்வரிசையில் நடக்குமாறு அவரைப் பணித்தனர். அவர் மறுத்துத் தம் மாநில அணியினரோடே நடந்தார்.

டென்னசியின் ஒப்புதலால் 1920இல் திருத்தம் நிறைவேறிய பின்னரும், தென்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் கறுப்பின மகளிரைத் தடுத்தன. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டமே அத்தடையைப் பெரிதும் தகர்த்தது. ஆதலின் சட்டம் பிறந்த ஆண்டைக் கொண்டு மட்டும் உரிமையின் வரலாற்றை அளத்தல் பொருந்தாது. எம்மாநிலத்தில், எம்மகளிர், எத்துணைக் காலம் அதனைத் துய்த்தனர் என்று ஆராய்தலே முறையாம்.