உலை வைக்கும் முன் ஒரு பிடி

மிசோரத்தின் பிரஸ்பிட்டேரியன் சபையினர் வீடுகளில், சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டுவைக்கும் வழக்கம் 1910இல் தொடங்கியது. ‘பூஃபாய் தாம்’ என்று அதற்குப் பெயர். சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டுகிறார்கள். விற்று வரும் பணம் ஊழியத்துக்குப் போகிறது. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக ஒரு சபையின் வரவுசெலவில் முக்கியப் பங்கைத் தாங்கும் அளவுக்கு அது வளர்ந்ததுதான் மிசோரத்தின் சிறப்பு.

இந்த வழக்கத்தின் பலம் அது நிகழும் இடத்தில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையோடு முடிந்துவிடும் பக்தியை அது அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டது. பசியோடு பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தில், அளந்த அரிசியிலிருந்து பிறருக்கென்று எடுப்பது வெறும் சடங்காக இருக்க முடியாது. அன்றைய மலைவாழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் காட்டை எரித்துப் பயிரிட்ட குடும்பங்களிடம் காசு அரிது. காசு கேட்டிருந்தால் ஏழைகள் கூசி ஒதுங்கியிருப்பார்கள். அரிசி கேட்டதால் ஏறக்குறைய எல்லா வீடும் கொடுக்கும் வீடானது. வேல்ஸ் நாட்டு மிஷனெரிகளிடமிருந்து நற்செய்தியைப் பெற்றவர்கள் வெகு சீக்கிரத்தில் தாங்களே கொடுக்கிறவர்களாக மாறினார்கள். 1960களின் இறுதியில் அந்த மிஷனெரிகள் வெளியேற நேர்ந்தபோது சபை சொந்தக் காலில் நின்றது. அதற்கு இந்தப் பிடி அரிசியும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

குறை எங்கே? முதலாவது, பிடியின் அளவிலேயே. தசமபாகம் வருமானத்தோடு கூடும், குறையும், பிடி அப்படியல்ல. மாளிகை வீட்டுப் பிடியும் குடிசை வீட்டுப் பிடியும் ஏறத்தாழ ஒன்றே. இந்த வழக்கம் தொடங்கிய மறு ஆண்டே மிசோ மலைகளில் மூங்கில் பூத்தது. மூங்கில் விதை தின்று பெருகிய எலிகள் வயலையும் களஞ்சியத்தையும் அழித்தன, பஞ்சம் வந்தது. 1959இலும் அதேதான் நடந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஏழைத் தாயின் கையில் ஒரு பிடி என்பது ஒரு பிள்ளையின் சாப்பாடு. வசதியானவருக்கோ அது எந்தக் காலத்திலும் உறுத்தாது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை இயேசு பாராட்டியதற்குக் காரணமே, கொடுத்த பிறகு அவளிடம் மீதி எதுவும் இல்லை என்பதுதான். எல்லாருக்கும் ஒரே பிடி என்னும்போது அந்தக் கணக்கு விடுபட்டுப்போகிறது. வசதியுள்ளவர், ‘என் பங்கு முடிந்தது’ என்று எளிதாக நிம்மதி அடைந்துவிடலாம். தான் கொடுக்கும் கூலி நியாயமானதா, வாங்கும் வாடகை நியாயமானதா என்ற கேள்வி அவர் சமையலறைப் பாத்திரத்தில் விழுவதே இல்லை.

இரண்டாவது குறை என்னை இன்னும் அதிகமாக வருத்துகிறது. அரிசி எடுப்பது பெண், சேர்ப்பது பெண், சுமந்து போவது பெண். ஆனால் இந்தப் பணத்தால் வளர்ந்த சபை பெண்களுக்குப் போதகர் அபிஷேகம் தர நெடுங்காலமாக மறுத்துவந்திருக்கிறது. இறையியல் படித்த பெண்களுக்கும் அதே பதில்தான். அடுப்படியில் ஒரு பெண்ணின் விசுவாசத்தை நம்பி வாழும் சபை, பிரசங்க மேடையிலும் ஆலோசனைக் கூட்டத்திலும் அதே விசுவாசத்தை நம்பத் தயங்குவது பெரிய முரண். அது அந்த வீட்டு ஆண்களுக்கும் நல்லதல்ல. தினசரிப் பக்தியை மனைவியின் கையில் ஒப்படைத்துவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்ள வழி கிடைத்துவிடுகிறது.

வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்க வேண்டும் என்ற இயேசுவின் போதனையோடும் இந்த வழக்கம் உரசுகிறது. எடுப்பது மறைவில், திரட்டுவது வெளியில். பக்கத்து வீட்டுப் பை கனமாக இருந்தால் நம் வீட்டுப் பையும் கனக்க வேண்டும் என்ற எண்ணம் எழாமல் தடுப்பது கடினம்.

இவற்றுக்காக வழக்கத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். அரிசிக்குப் பதில் மாதச் சம்பளத்திலிருந்து ஒரு தொகை தானாகப் போய்ச் சேரும்படி செய்தால் வசூல் ஒருவேளை கூடலாம். ஆனால் உலை வைக்கும் அந்த நிமிடம் தொலைந்துவிடும். மாற வேண்டியவை வேறு. உள்ளவர் ஒரு பிடியோடு நிறுத்தக்கூடாது. இல்லாத வீட்டில் இன்று பாத்திரம் காலி என்றால் யாரும் கேட்கக்கூடாது. அந்த வாரம் சபையே அங்கே அரிசி கொண்டுபோக வேண்டும். திரட்டிய பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில், திரட்டியவர்கள் சரிபாதியாக உட்கார வேண்டும். சமைக்கத் தெரிந்த ஆண்கள் அந்தப் பாத்திரத்தில் தங்கள் கையாலும் ஒரு பிடி போடட்டும்.