அச்சமும் பெருமிதமும்: 'பிளட்போர்ன்' பற்றிய ஒரு நோக்கு

அச்சம், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். பெருமிதத்துக்கு அவர் கூறும் நிலைக்களன்களுள் தறுகணும் ஒன்று. யப்பானியரான ஹிடெட்டகா மியாசாக்கியின் இயக்கத்தில் 2015இல் வெளிவந்த 'பிளட்போர்ன்' என்னும் வீடியோ விளையாட்டின் கவர்ச்சி, அச்சத்தைத் தறுகண்வழிப் பெருமிதமாக்கும் முறையிலேயே தங்கியுள்ளது.

யார்னம் என்னும் கற்பனை நகரில், நோய்தீர்க்க ஏற்றிய குருதியே மாந்தரை விலங்காக்குகின்றது. ஆடுவோர் அங்கு வேட்டைக்காரராகப் புகுகின்றனர். கேடயத்தின் பின் பதுங்குதல் பயன்தராது. அடிபட்டதும் பின்வாங்காது திருப்பித் தாக்கினால், இழந்த உயிர்வலுவில் ஒரு பகுதி மீளும். இறந்தால், ஈட்டிய பொருள் அவ்விடத்தை அண்டியே தங்கும். மீட்குமுன் மறுபடி இறந்தால் முற்றாக அழியும். எனவே ஒவ்வொரு சாவும் தண்டனையாவதோடு பாடமும் ஆகின்றது. கலிங்கத்துப்பரணியில் பேய் தரும் அச்சத்தை நகை தணிக்கின்றது. இங்கே அதனைப் பயிற்சியே தணிக்கின்றது.

தீப்பந்தம் ஏந்தித் தெருவில் விலங்கு தேடும் கும்பல், அடைத்த கதவின் பின்னிருந்து எழும் குரல் ஆகிய தொடக்கக் காட்சிகள், 1983 யூலையை அறிந்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழருக்குப் புதியனவல்ல. வேட்டையாடும் கும்பலே விலங்காகிவிட்டது என்னும் உண்மையை இவ்வாக்கம் விளக்கவுரையின்றி உணர்த்துகின்றது. இதுவே அதன் தனிச்சிறப்பு. ஆயினும் விளையாட்டில் மாண்டவர் விளக்கடியில் மீண்டும் எழுவர். கொழும்புத் தெருக்களில் மாண்டவர் எழவில்லை. இவ்வேறுபாட்டை மறவாதவரே அதன் பெருமிதத்தை அளவறிந்து துய்ப்பவராவர்.