47 சென்டிமீட்டர், 15 விநாடி

2024 நவம்பரில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த 6-வது உலகக் கோப்பை கேரம் போட்டியில், புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று பிரிவிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. அப்பா மெகபூப் பாஷா ஆட்டோ ஓட்டுநர். பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. ஊர் திரும்பியதும் மாலை, மேளம், பேட்டி, தமிழக அரசின் ஒரு கோடி ரூபாய் பரிசு என்று எல்லாம் வரிசைகட்டி வந்தன. கூடவே நம் பத்திரிகைகளின் வழக்கமான தலைப்பும் வந்தது: வறுமையை வென்ற வடசென்னைப் பெண்.

தலைப்பில் பொய் இல்லை. ஆனால் அது எதையும் விளக்கவும் இல்லை. செரியன் நகரில் இருந்து சில கிலோமீட்டர் வடமேற்கே வந்தால் கொடுங்கையூர். முத்தமிழ் நகரிலும் எழில் நகரிலும் அதே வறுமை, அதே தெருமுனைக் கேரம் போர்டு, அதே குண்டு பல்பு, அதே ஆட்டோ ஓட்டும் அப்பாக்கள். ஒரே மாதிரி சூழலில் ஆடப் பழகியவர்களில் ஒருவர் உலகக் கோப்பைக்குப் போகிறார். மற்றவர்கள் ஏரியா போட்டியின் காலிறுதியோடு நின்றுவிடுகிறார்கள். வித்தியாசத்தைச் சூழலில் தேடினால் கிடைக்காது. ஆட்டத்துக்குள் தேட வேண்டும்.

உலகப் பட்டம் வடசென்னைக்குப் புதுசும் இல்லை. வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சின் கேன்ஸ் நகரில் உலகச் சாம்பியன் ஆனவர். அதற்கு முன்பே 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று, 1996-ல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர்தான். தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டதே இந்தச் சென்னையில்தான். எனவே 'எங்க ஏரியாவுல யாரு சொல்லிக்கொடுக்க இருக்காங்க' என்ற பேச்சுக்கு இங்கே பெரிய இடமில்லை.

கேரம் ஒரு கறாரான விளையாட்டு. இரண்டு பேருக்கும் ஒரே போர்டு, ஒரே பவுடர், ஒரே வெளிச்சம். ஸ்ட்ரைக்கரை வைக்கக் கிடைக்கும் பேஸ் கோட்டின் நீளம் 47 சென்டிமீட்டர். ஒரு அடிக்குக் கிடைக்கும் நேரம் 15 விநாடி. நாற்காலியில் இருந்து உடம்பைத் தூக்கக் கூடாது. அம்புக்குறியைக் கை தாண்டக் கூடாது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளும் ஆட்டக்காரருக்கு ஒரு முழு சுதந்திரம் உண்டு: அந்தக் கோட்டில் ஸ்ட்ரைக்கரை எங்கே வைப்பது, எந்தக் காயை எடுப்பது என்பதை அவர் மட்டுமே முடிவு செய்கிறார். கால்பந்தில் கோல் விழுந்தால் கோல்கீப்பர் டிஃபெண்டரைப் பார்ப்பார், டிஃபெண்டர் நடுவரைப் பார்ப்பார். ஒற்றையர் கேரத்தில் பார்ப்பதற்கு ஆளே கிடையாது.

ஆனாலும் பார்க்கிறார்கள். நம் ஏரியா போட்டிகளில் தோற்று எழுந்தவர் வாயில் வரும் வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "போர்டு இழுக்குதுண்ணா." "பவுடர் ஈரமாயிடுச்சு." "அவனுக்கு ரெட்டு அதுவா உழுந்துச்சு." இவற்றில் பாதி உண்மை. கடற்கரையை ஒட்டிய ஊரில் மழைக்காலத்தில் போரிக் பவுடர் கட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் பவுடர் ஈரம் என்று இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிட்டால், மூன்றாவது அடியில் இருந்து பலத்தைக் கூட்டி அடிப்பதும், தூரத்துக் காயைத் தவிர்ப்பதும் யார் வேலை?

சமாளிப்புகள் எங்கே ஏமாற்றுகின்றன என்பதைப் பார்க்க, உள்ளூர்ப் போட்டிகளில் அடிக்கடி அமையும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஸ்கோர் 21-21. கேம் 25 புள்ளிக்கு. நம்மாளுக்கு இரண்டு வெள்ளை மீதி. ஒன்று பாக்கெட் வாயில் தொங்குகிறது, தொட்டாலே விழும். இன்னொன்று எதிர்க்கட்டையை ஒட்டி, கடினமான கோணத்தில் கிடக்கிறது. ரெட் நடுவில் இருந்து கொஞ்சம் விலகி, கட் அடித்தால் விழும் இடத்தில் இருக்கிறது. எதிராளிக்கு ஒரே ஒரு கருப்பு. அதுவும் அவர் பக்கத்துப் பாக்கெட்டில் தொங்குகிறது. அடி நம்மாளுடையது.

பத்துப் பேரை உட்காரவைத்தால் பலரும் முதலில் தொங்கும் வெள்ளையைப் போடுவார்கள். சுலபமான காய், விழுகிறது, சுற்றி நிற்பவர்கள் "சூப்பர்" என்கிறார்கள். அடுத்து ரெட்டைக் கட் பண்ணுகிறார், அதுவும் விழுகிறது. கைதட்டல். இப்போது ஃபாலோ போட வேண்டும், அதாவது ரெட் கணக்கில் சேர உடனே தன் காய் ஒன்றைப் போட வேண்டும். மீதி இருப்பது கட்டையை ஒட்டிய அந்த ஒரே வெள்ளை. டபுள் எடுக்கிறார், தவறுகிறது. ரெட் மறுபடி நடுவுக்கு வருகிறது. எதிராளி ரெட்டைப் போட்டு, தொங்கிக்கொண்டிருந்த கருப்பை ஃபாலோ போட்டு முடிக்கிறார். ரெட்டுக்கு 3, மீதி வெள்ளைக்கு 1. ஸ்கோர் 25-21. கேம் முடிந்தது.

எழுந்தவர் சொல்வார்: "டபுள் ஒரு நூல் தப்பிச்சு, லக் இல்ல." சுற்றி நின்றவர்களும் அதையே சொல்வார்கள். ஆனால் கேம் போனது டபுளில் இல்லை. அதற்கு இரண்டு அடி முன்பு, எல்லோரும் "சூப்பர்" சொன்ன அந்த அடியில். தொங்கும் வெள்ளை ரெட்டுக்கான ஃபாலோவாகச் சேமித்து வைத்திருக்க வேண்டிய காய். முதலில் ரெட், உடனே தொங்கும் காயில் ஃபாலோ, ரெட் கைக்கு உறுதி. பிறகு கட்டையை ஒட்டிய காய்க்கு நிதானமாக ஒரு முயற்சி. அது தவறினால் எதிராளி கருப்பைப் போட்டு போர்டை எடுப்பார் என்பது உண்மைதான். ஆனால் அப்போது ரெட் நம்மாள் வசம்; எதிராளிக்குக் கிடைப்பது மீதி வெள்ளைக்கான 1 புள்ளி மட்டும். ஸ்கோர் 22-21, அடுத்த போர்டில் உயிர் இருக்கும். அதே போர்டு, அதே பவுடர், அதே கைத்திறன். அடிக்கும் வரிசை மாறியிருந்தால் கேம் பிழைத்திருக்கும்.

இங்கேதான் இந்தப் பத்தியின் கட்சி. தோல்வியில் இரண்டு வகைத் தவறு உண்டு. சரியான அடியைத் தேர்ந்தெடுத்துத் தவறவிடுவது ஒன்று. தவறான அடியைத் தேர்ந்தெடுத்து, அது விழுந்துவிடுவது மற்றொன்று. முதல் வகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதற்கு மருந்தும் தெரியும்: கை இன்னும் பழக வேண்டும். இரண்டாவது வகை ஆட்டக்காரரைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் காய் விழுந்துவிட்டது. நடுவரின் ஸ்கோர் ஷீட்டில் யாருக்கு எத்தனை புள்ளி, ரெட் யாருக்கு என்பது இருக்கும். எந்தக் காய்க்குப் பதிலாக எந்தக் காயை எடுத்தார் என்பது இருக்காது.

செஸ்ஸில் இந்தத் தப்பித்தல் நடக்காது. ஒவ்வொரு நகர்த்தலும் தாளில் பதிவாகிறது. காசிமா தங்கம் வென்ற அதே நவம்பரில்தான் சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரெனுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தையே தோற்றார். எந்த நகர்த்தலில் பிடி நழுவியது என்பதை அன்றிரவே உலகம் முழுக்க அலசியது. அவரும் மறைக்க வழியில்லை, மறைக்கவும் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் சமன் செய்தார். டிசம்பர் 12-ல் பட்டத்தை எடுத்தார். கேரத்தில் அந்தத் தாள் இல்லை. ஆட்டம் முடிந்ததும் காய்களைக் கலைத்துவிடுகிறோம். சாட்சியும் அதோடு கலைந்துவிடுகிறது. எனவே, தன் தேர்வுக்குத் தானே பொறுப்பேற்பது இந்த விளையாட்டில் பயிற்சி முறையின் ஒரு பாகம். பொறுப்பேற்காதவருக்கு எதைத் திருத்துவது என்றே தெரியாது. வருடக்கணக்கில் டபுளைப் பழகிக்கொண்டே இருப்பார். கோளாறு டபுளில் இல்லை.

பயிற்சியிலும் இதே கதைதான். பையன் தனக்கு வாகான பக்கத்து கட் அடியையே மாலை முழுக்க அடித்துக்கொண்டிருப்பான். பத்துக்கு ஒன்பது விழும், பார்க்கவும் அழகாக இருக்கும். பேஸுக்குக் கீழே இறங்கிவிட்ட காயைக் கட்டைவிரலால் எடுக்கச் சொன்னால் முகம் சுருங்கும். வராத அடியை எல்லோர் முன்னாலும் திரும்பத் திரும்பத் தவறவிட ஒரு துணிச்சல் வேண்டும். வளர்ச்சி என்பது பெரும்பாலும் அந்தச் சங்கடமான அரைமணி நேரத்தில்தான் நடக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதும் தவிர்ப்பதும் அவரவர் கையில்.

பழியை முழுக்கப் பிள்ளைகள் மேல் போடுவதும் நியாயமில்லை. நம் பயிற்சி இடங்களில் பெரியவர்கள் பின்னால் நின்றுகொண்டு "அத எடு, ரெட்ட உடு, கட் அடிடா" என்று ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கொடுக்கிறார்கள். அக்கறைதான். ஆனால் விளைவு என்ன? ஸ்ட்ரைக்கரைத் தள்ளுவது பையனின் விரல். முடிவெடுப்பது மாஸ்டரின் வாய். ஜெயித்தால் மாஸ்டர் பெருமை, தோற்றால் "நான் சொன்னத கேக்கல." போட்டியில் அடிக்கு அடி யாரும் எடுத்துக்கொடுக்க முடியாது. அன்றைக்கு 15 விநாடி ஓடும்போது பையன் திரும்பிப் பார்ப்பான்; பின்னால் குரல் இருக்காது. முடிவெடுக்கவே விடாமல் வளர்த்துவிட்டு, பொறுப்பில்லை என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

விதியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் மைனஸ். போட்ட காயில் ஒன்று வெளியே வர வேண்டும். அந்தக் காயை நடுவட்டத்துக்குள் வைப்பவர் எதிராளி. நம் தவறின் பலனை எங்கே வைப்பது என்பதை அடுத்தவர் தீர்மானிக்கிறார். அங்கிருந்து எப்படி எடுப்பது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அந்த இடத்தில் முகம் சுளிப்பதில்லை. காய் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு 'எல்லாம் தனி மனிதன் பொறுப்பு' என்று யாரும் கையைக் கழுவிக்கொள்ள வேண்டாம். கொடுங்கையூர் பிள்ளைகள் குப்பைமேட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. சுமார் 340 ஏக்கரில் பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை கொட்டப்பட்டது அவர்களைக் கேட்டு நடந்ததில்லை. எரிஉலை வரக் கூடாது என்று 2025-ல் இந்தப் பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றது, தங்கள் மூச்சுக்கான முடிவில் தங்களுக்கும் ஓர் இடம் கேட்டுத்தான். மழை ஒழுகாத ஒரு கூடம், சமமட்டமான போர்டு, காற்றில் ஆடாத விளக்கு ஆகியவற்றைத் தருவது மாநகராட்சியின், அரசின் வேலை. கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. அதனால் வேலைவாய்ப்பும் ஊக்கத்தொகையும் குறுகலாகவே இருக்கின்றன. அதற்குக் காசிமாவோ இளவழகியோ பொறுப்பல்ல. தங்கம் வந்த பிறகு தரும் கோடி ரூபாய் நல்ல காரியம். தங்கம் வருவதற்கு முந்தைய பத்து வருடத்துக்கான கூடமும் போர்டும் அதைவிட நல்ல காரியம்.

இரண்டு கணக்கையும் தனித்தனியே வைத்துக்கொள்வதுதான் ஆட்டக்காரருக்கு லாபம். கூடம் கேட்டு மனு கொடுக்க வேண்டிய இடத்தில் மனு கொடுக்கட்டும், சண்டை போட வேண்டிய இடத்தில் போடட்டும். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தக் கணக்கு உதவாது. அங்கே 47 சென்டிமீட்டர் கணக்கு மட்டும்தான். குப்பைமேட்டுக்கு ஆட்டக்காரரைப் பொறுப்பாக்குவது எவ்வளவு அபத்தமோ, தொங்கும் வெள்ளையை முதலில் போட்டதற்குக் குப்பைமேட்டைப் பொறுப்பாக்குவதும் அவ்வளவு அபத்தம்.

கிளப் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஒவ்வொரு போர்டு முடிந்ததும் ஆட்டக்காரரே இரண்டு பத்தியில் எழுதட்டும்: தவறவிட்ட அடி எது, தவறாக எடுத்த அடி எது. முதல் வாரம் இரண்டாவது பத்தி காலியாகவே இருக்கும். யாருக்கும் தன் கணக்கில் தப்பே தெரியாது. மாஸ்டர் அதில் தன் கையால் ஒரு எழுத்தும் சேர்க்கக் கூடாது. "அந்த நேரத்துல வேற என்ன அடி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இரண்டாவது பத்தியைத் தானாக நிரப்பத் தொடங்கும் பிள்ளையின் பெயரை மாவட்டப் போட்டிக்குக் கொடுங்கள். கை கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும் பரவாயில்லை, அதைப் பழக்கிவிடலாம்.